நெய்வேலியும் பன்னாட்டு வளர்ச்சி உதவியும்: கடனும் நிலமும்

முன்னுரை

பன்னாட்டு வளர்ச்சியியல் பாடத்தில் இடம்பெறும் கொழும்புத் திட்டம், சோவியத் கடனுதவி, மேற்கு ஐரோப்பியத் தொழில்நுட்பம் ஆகியன மாணவர்களுக்குத் தொலைதூர நிகழ்வுகளாகவே தோன்றுகின்றன. இம்மூன்றும் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில் ஒன்றுகூடின. அந்த உதவியின் அமைப்பையும், அதன் கணக்கில் நிலம் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உதவியின் அமைப்பு

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய துகள்கள் வெளிப்பட்டன. வங்காள, பீகார் நிலக்கரியைத் தொலைவிலிருந்து இரயிலில் தருவித்த சென்னை மாகாணத்திற்கு இக்கண்டுபிடிப்பு முதன்மையானது. 1950களில் கொழும்புத் திட்டத்தின்வழி இலண்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை தயாரித்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவுபெற்றது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

அதே ஆண்டு நவம்பரில் சோவியத் ஒன்றியம் இந்தியாவிற்கு அளித்த 50 கோடி ரூபிள் கடனில் நெய்வேலி அனல்மின் நிலையமும் இடம்பெற்றது. அதன் வட்டி 2.5 சதவீதம், தவணைக்காலம் 12 ஆண்டுகள். வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கர அகழ்வு இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. பனிப்போரின் இரு முகாம்களும் ஒரே திட்டத்தில் பங்கேற்றமை அணிசேராக் கொள்கையின் நடைமுறைப் பயனாகும். உதவி பெறும் நாடு செயலற்றது என்னும் கருத்து இங்குப் பொருந்தவில்லை. எதை எவரிடம் பெறுவது என்பதை இந்திய அரசே பகுத்துக்கொண்டது.

தொழில்நுட்பமும் மண்ணும்

இயந்திரங்கள் வந்தவுடன் பணி முடிந்துவிடவில்லை. நிலக்கரிப் படுகையின் அடியிலுள்ள ஆர்ட்டீசியன் நீர் மேல்நோக்கி அழுத்தியதால், அதனை இடையறாது இறைத்த பின்னரே அகழ முடிந்தது. 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் முதல் 50 மெகாவாட் அலகு இயங்கியது. 1970இல் திறன் 600 மெகாவாட் ஆனது. யூரியாவும் 'லெக்கோ' எரிகரியும் இங்கு உற்பத்தியாயின.

கணக்கில் இல்லாத முதலீடு

இயந்திரக் கடனுக்கு வட்டியும் தவணையும் உண்டு. நிலத்திற்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. முதலியார் நிலக்கொடை அளித்தார். பிற உழவர்களின் நிலங்கள் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கையகப்படுத்தப்பட்டன. அச்சட்டம் இழப்பீட்டை விதித்தது, மறுவாழ்வைக் கடமையாக்கவில்லை. அக்கடமை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் சேர்ந்தது. ஆகவே, அயல்நாட்டுக் கடன் அடைந்த பின்னும் ஊர்களின் கணக்கு முடியவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்களில் கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த போராட்டமும், உயர்நீதிமன்ற வழக்கும் இக்கணக்கின் தொடர்ச்சியேயாகும். கடனில் எழுந்த முதல் அனல்மின் நிலையமோ 2020இல் மூடப்பட்டுவிட்டது.

முடிவுரை

யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றிய மால்கம் ஆதிசேசையா 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். வளர்ச்சியியல் ஆய்வு தமிழகத்தில் அவ்வாறு நிலைபெற்றது. அம்மரபில் நெய்வேலியைப் பயில்வோர் மெகாவாட்டையும் ரூபிளையும் மட்டும் எண்ணுதல் போதாது. கடன் ஒப்பந்தத்தோடு வருவாய்த்துறையின் நிலப்பதிவேட்டையும் இணைத்துப் படிக்கும்போதே உதவியின் முழு விலை புலப்படும்.