காணியும் கல்யாணமும் கடனும்: நெப்போலியன் எழுதவைத்த சட்டம்

1789க்கு முந்தைய பிரான்சில் அரசர் ஒருவர்தான், சட்டமோ பல. தெற்கே ரோமானியச் சட்டம் ஆண்டது. வடக்கே அந்தந்த வட்டாரத்தின் வழக்காறே சட்டம். மகளுக்குப் பங்கு உண்டா, விதவைக்கு என்ன கிடைக்கும், மூத்த மகனே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விகளுக்கு ஊருக்கு ஊர் விடை மாறியது. குதிரை மாற்றும் சாவடிக்குச் சாவடி சட்டமும் மாறுகிறதே என்று எழுத்தாளர் வால்டேர் இதைச் சாடினார்.

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தன. 1685இல் புராட்டஸ்டன்ட் மதம் தடைசெய்யப்பட்ட பிறகு, அந்த மதத்தவர் தங்கள் முறைப்படி செய்துகொண்ட திருமணம் செல்லாது. பிறந்த பிள்ளைகளுக்கு வாரிசுரிமையும் இல்லை. 1787இல்தான் அவர்களுக்குச் சட்டப்படி குடும்பம் என்ற ஒன்று திரும்பக் கிடைத்தது.

அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவைப் பேசுவது பொதுச் சட்டம். குடிமகனும் குடிமகனும் மணம் முடிப்பது, நிலம் வாங்குவது, கடன் கொடுப்பது, இழப்புக்கு ஈடு கேட்பது ஆகியவற்றைப் பேசுவது தனியார் சட்டம். புரட்சி அரசரை வீழ்த்தியது, நிலப்பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. ஆனால் இந்த அன்றாடச் சட்டத்தை ஒரே நூலாக்க அதனால் முடியவில்லை. சட்ட வல்லுநர் கம்பாசரெஸ் 1793, 1794, 1796 ஆகிய ஆண்டுகளில் முன்வைத்த மூன்று வரைவுகளும் நிறைவேறவில்லை.

நான்கு வழக்கறிஞர்கள்

அப்போது ஆட்சியைக் கைப்பற்றியிருந்த நெப்போலியன், இந்தச் சட்டநூலை வரைய 1800 ஆகஸ்டில் நால்வர் குழு ஒன்றை அமைத்தார். துரோன்ஷே, பிகோ த பிரெயாமனோ இருவரும் வடக்கின் வழக்காற்றுச் சட்டத்தில் ஊறியவர்கள். போர்த்தாலிஸ், மால்வில் இருவரும் தெற்கின் ரோமானியச் சட்டத்தில் வளர்ந்தவர்கள். துரோன்ஷே, வீழ்த்தப்பட்ட அரசர் பதினாறாம் லூயிக்காக விசாரணையில் வாதாடியவர். போர்த்தாலிஸ் புரட்சிக்காலப் பயங்கர ஆட்சியில் சிறையிருந்தவர். பழைய பகையைக் கணக்கில் எடுக்காமல் தேர்ச்சியைப் பார்த்து ஆளெடுத்ததே நெப்போலியன் செய்த முதல் நல்ல காரியம்.

நான்கே மாதத்தில் வரைவு தயாரானது. மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் கருத்தும் கேட்கப்பட்டது. அரசு ஆலோசனை மன்றத்தில் இதற்காக நடந்த அமர்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு நெப்போலியனே தலைமை தாங்கினார். சட்டமன்ற அவைகளில் ஒன்று எதிர்த்தபோது, வரைவைத் திரும்பப் பெற்று, எதிர்ப்பாளர்களை அந்த அவையிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் கொண்டுவந்தார். நல்ல சட்டம் பிறந்த வழி ஜனநாயக வழி அல்ல என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 36 தனித்தனிச் சட்டங்களாக நிறைவேறியவை 1804 மார்ச் 21 அன்று 2281 பிரிவுகள் கொண்ட ஒரே நூலாயின. அந்த நூல் பேசிய விஷயங்களில் பழைய ரோமானியச் சட்டமும் ஊர்வழக்கும் அன்றோடு செல்லாதவையாயின.

நூலின் தூண்கள்

நூலில் மூன்று பாகங்கள்: மனிதர்கள், சொத்து, சொத்து கைமாறும் வழிகள். 544ஆம் பிரிவு சொத்துரிமையை முழுமையான உரிமையாக்கியது. நிலத்தை உழுபவனுக்கு மேலே வரி கேட்கும் பிரபு இனி இல்லை. புரட்சியின்போது திருச்சபை நிலத்தை வாங்கிய விவசாயிக்கு இந்த ஒரு பிரிவே பெரிய நிம்மதி.

1134ஆம் பிரிவு, முறைப்படி செய்த ஒப்பந்தம் அதைச் செய்தவர்களுக்குச் சட்டத்துக்குச் சமம் என்றது. தன் தவறால் பிறருக்கு இழப்பு விளைவித்தவர் அதை ஈடுசெய்ய வேண்டும் என்றது 1382ஆம் பிரிவு. குதிரை வண்டிக் காலத்தில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தை வைத்துத்தான் பிரெஞ்சு நீதிமன்றங்கள் ரயில் விபத்து முதல் மோட்டார் விபத்து வரை தீர்ப்பளித்தன. சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி நீதிபதி தீர்ப்பளிக்க மறுக்கக் கூடாது என்றது 4ஆம் பிரிவு. அதே மூச்சில், தீர்ப்பின் பெயரால் அவர் பொதுவிதி இயற்றக் கூடாது என்றது 5ஆம் பிரிவு.

மூத்த மகனின் தனிச்சலுகைக்கு இடமில்லை. ஆணும் பெண்ணுமாக, சட்டப்படியான திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் அனைவருக்கும் சமபங்கு. ஒரு பிள்ளை உள்ளவர் தம் சொத்தில் பாதியை மட்டுமே விரும்பியவருக்கு எழுதலாம். மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் கால்பங்கு மட்டுமே.

சமத்துவம் நின்ற இடம்

ஆனால் அந்தச் சமத்துவம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது 213ஆம் பிரிவு. ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றோர் பட்டியலில் சிறுவர்களோடு மணமான பெண்களும் இடம்பெற்றார்கள். கூலித் தகராறில் முதலாளியின் சொல்லையே நம்ப வேண்டும் என்றது 1781ஆம் பிரிவு.

இந்த அநீதிகளைக் களைய நெடுங்காலம் ஆனது. முதலாளிச் சலுகை 1868இல் நீங்கியது. 1816இல் ஒழிக்கப்பட்ட விவாகரத்து 1884இல் திரும்பியது. கீழ்ப்படிதல் கடமை 1938இல் அகன்றது. கணவனின் அனுமதியின்றி வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் மனைவிக்கு 1965இல்தான் முழு உரிமை கிடைத்தது. 2016இல் ஒப்பந்தங்களின் பொது விதிகள் திருத்தி எழுதப்பட்டன. 1134ஆம் பிரிவு இன்று 1103 ஆகிவிட்டது. 1382 இன்று 1240.

புதுச்சேரிக்கு வந்த சட்டம்

1819இல் இந்தச் சட்டம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்தது. குடும்ப விஷயங்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் தங்கள் வழக்கத்தையே பின்பற்றினர். 1881 செப்டம்பர் 21 ஆணை, விரும்பியவர்கள் அந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம் என்றது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னின்று நடத்திய இந்தத் துறப்பு இயக்கத்தில் சேர்ந்தவர்கள் ‘ரெனோன்சான்’ (துறந்தவர்) எனப்பட்டார்கள். அவர்களில் பலர் சாதி அடையாளத்திலிருந்து விடுபட வழிதேடியவர்கள்.

1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும், இந்தியக் குடிமக்களான ரெனோன்சான் குடும்பங்களின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் அன்றைய பிரெஞ்சுச் சட்டமே தொடர்கிறது. பாரிஸ் நாடாளுமன்றம் பின்னர் செய்த திருத்தங்கள் இங்கே தாமாக வந்து சேருவதில்லை. 1965இல் பிரெஞ்சுப் பெண்ணுக்குக் கிடைத்தது இந்தக் குடும்பங்களின் பெண்ணுக்கு அந்த வழியில் வரவில்லை.

யாரும் வாசிக்கக்கூடிய ஒரே நூலில் மக்களின் உரிமைகளை எழுதிவைத்தது 1804இன் சாதனை. அதை விடாமல் திருத்திவந்தது அதன் பிறகு வந்த பிரெஞ்சுத் தலைமுறைகளின் சாதனை. முதலாவதைவிட இரண்டாவதே பெரிது. புதுச்சேரியில் எஞ்சியிருக்கும் அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தும் கடமை இன்று நம்முடைய நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது.

(தொடரும்)