எச்.ஐ.வி. தொற்றும் பணிவாழ்வும்

தொற்று உறுதியானபின் ஒருவர் தம் வேலையையும் குடும்ப வாழ்வையும் சிகிச்சையோடு இசைவித்துக்கொள்வதைக் குறிக்கும் தலைப்பு.

வரலாறு: இந்தியாவில் இத்தொற்று 1986-இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, மருத்துவர் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வு அதை வெளிக்கொணர்ந்தது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா உள்ளிட்ட தொற்றுள்ள பெண்கள் 1998-இல் சென்னையில் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004-இல் தொடங்கியது.

சிகிச்சையும் தொழிலும்: பரிசோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் கிடைக்கும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினமும் உட்கொள்வது இன்றைய வழக்கமான முறை. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலிருந்து விசைப்படகில் சென்று பல நாள் கடலில் தங்கும் மீனவர், திரும்பத் தாமதமாகும் நாட்களுக்கும் சேர்த்தே மாத்திரை எடுத்துச் செல்ல வேண்டும். அதற்கு ஐஸ் பெட்டி தேவையில்லை; ஈரம் புகாத டப்பா போதும். ஒரே வலையை இழுப்பதாலோ ஒரே சட்டிச் சோற்றை உண்பதாலோ தொற்று பரவாது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவிலேயே நீடித்தால், உடலுறவு வழியாகவும் பரவாது.

சட்டம்: 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 10.9.2018 முதல் நடைமுறையில் உள்ளது. வேலைக்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதையும், தொற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடாகப் பணிநீக்கம் செய்வதையும் அது தடுக்கிறது. 100 பேருக்குக் குறையாத நிறுவனம் புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். முதலாளியிடமோ சக தொழிலாளரிடமோ நோயைச் சொல்வதா என்பது அவரவர் முடிவு. ஆலோசனைக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1097.