தாரா, ஜிம்னியா, கூர்காவா? 4×4 வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

"ஏனுங்க, தார் எடுக்கலாமா, ஜிம்னி எடுக்கலாமா?" சோமனூரில் ஒரு பேக்கரி பெஞ்சில் டீ கிளாஸோடு உட்கார்ந்தால், பத்து நிமிஷத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் வீட்டில் தறி ஓடும், இல்லையென்றால் தோட்டம் இருக்கும். வாரநாளில் கருமத்தம்பட்டி, நீலாம்பூர் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போவார். ஞாயிறு வந்தால் ஊட்டி, வால்பாறை. நடுவில், பைப் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்கள். "நம்ம ரோட்டுக்கு 4×4 தாங்க சரி" என்று அவரே முடிவும் செய்திருப்பார்.

குழப்பமே அங்கேதான். குழி வேற, சேறு வேற!

குழிக்கு உயரம்... சேற்றுக்கு 4×4

சாதாரண கார்களில் இன்ஜினின் சக்தி முன்பக்கமோ பின்பக்கமோ, இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். 4×4-ல் நான்கு சக்கரங்களுக்கும் போகும். இரண்டு சக்கரம் வழுக்கினாலும் மற்ற இரண்டும் இழுத்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

தெருக் குழியில் சக்கரம் வழுக்குவதில்லை, இடிபடுகிறது. அங்கே உதவுவது கிரவுண்ட் கிளியரன்ஸ், பக்கச் சுவர் உயரமான டயர், நல்ல சஸ்பென்ஷன். ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ. 4×4 இல்லாத டாடா நெக்ஸானுக்கு 208 மி.மீ. குழியைத் தாண்ட மட்டும் என்றால், அந்த 2 மி.மீ-க்காகவா இத்தனை செலவு?

மலை ரோடும் அப்படித்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இரண்டிலும் அரசு பஸ் தினமும் ஏறி இறங்குகிறது. அது 4×4 இல்லை!

அப்போ யாருக்குத்தான் வேணும்? மழை பெய்தால் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ளும் காடு, இரண்டு பக்கமும் வேலியடைத்த இட்டேரி, செங்குத்தான எஸ்டேட் தடம், ஆற்று மணல்... இங்கெல்லாம் அடிக்கடி போகிறவர்களுக்கு 4×4 ஆடம்பரம் இல்லை, அவசியம்.

அந்த இன்னொரு குச்சி எதுக்கு?

கியர் ராடுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவரோ, ஸ்விட்ச்சோ இருக்கும். வாங்கிய பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

2ஹெச்: சாதாரண ரோட்டுக்கு. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் இதில்தான் ஓட்டப் போகிறீர்கள்.

4ஹெச்: சேறு, ஜல்லி, ஈர மண்ணுக்கு. காய்ந்த தார் ரோட்டில் போடாதீங்க. திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் உருள வேண்டும். இந்த மாடல்களில் 4ஹெச் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங் இறுகி, உள்ளே பாகங்கள் தேயும்.

4எல்: ஊர்ந்து போக. செங்குத்து ஏற்றத்தில் இழுவை வெகுவாகக் கூடும். இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்வதால், பிரேக்கை மிதித்துச் சூடேற்ற வேண்டியதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். 4×4 வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது உங்களுக்கும் பக்கத்து ஆல்ட்டோவுக்கும் இருப்பது அதே நான்கு டயர்தான்.

மூணு வண்டி, மூணு குணம்

மாருதி ஜிம்னி: 2023 ஜூனில் 12.74 லட்சம் ரூபாய் ஆரம்ப எக்ஸ்-ஷோரூம் விலையில் வந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல், 105 பி.எஸ். எல்லா வேரியன்ட்டிலும் 4×4, ஆறு ஏர்பேக். எடை குறைவு என்பதால் சேற்றில் புதைவது குறைவு, சந்துகளில் திருப்புவதும் சுலபம். நான்கு பேருக்குத்தான் இடம், டிக்கி சின்னது. ஹைவேயில் ஓவர்டேக் செய்யப் பொறுமை வேணும்.

மஹிந்திரா தார்: இப்போதைய தலைமுறை 2020 அக்டோபர் 2-ல் விற்பனைக்கு வந்தது. 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், குளோபல் என்கேப் சோதனையில் 4 ஸ்டார். ஆனால், எல்லா தாரும் 4×4 இல்லை. 2023-ல் வந்த பின்சக்கர டிரைவ் மாடல் பார்க்க அச்சு அசல் அதேதான். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் லீவரை நேரில் பார்த்துவிடுங்கள். குடும்பத்தோடு போக வேண்டும் என்றால் 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் பக்கம் போகலாம். பாரத் என்கேப்பில் 5 ஸ்டார். இதில் 4×4 வேண்டும் என்றால் டீசல் மட்டும்தான். அறிமுகத்தின்போது 18.79 லட்சத்தில் ஆரம்பித்தது.

ஃபோர்ஸ் கூர்கா: 2024 மாடலில் 2.6 லிட்டர் டீசல், 140 பி.எஸ்., 233 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் இருப்பதால், ஒரே ஒரு சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைத்தாலும் வெளியே வந்துவிடும். அறிமுக விலை மூன்று கதவுக்கு 16.75 லட்சம், ஐந்து கதவுக்கு 18 லட்சம். இரண்டே ஏர்பேக், ஆட்டோமேட்டிக் கிடையாது. தினமும் ஆபீஸ் போக இது கொஞ்சம் முரட்டு ஆள்.

இதெல்லாம் அறிமுக விலைகள். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி மாறியதால், இன்றைய ஆன்ரோடு விலையை ஷோரூமில் எழுதியே வாங்குங்கள்.

சப்வேயில் ஹீரோ ஆகாதீங்க

கோவையில் நல்ல மழை பெய்தால் லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் பாலம் பக்கம் தண்ணீர் நிற்பது ஊருக்கே தெரியும். சோமனூர் பக்கம் என்றால் நொய்யல் தரைப்பாலங்கள். "நம்மளது தார், 650 மி.மீ. வரைக்கும் போகும்" என்று இறக்கிவிடத் தோன்றும். அந்த அளவு நின்ற தண்ணீரில், ஊர்ந்து போவதற்கு. எதிரே வரும் லாரி எழுப்பும் அலைக்கும், ஓடுகிற ஆற்றுக்கும் அந்தக் கணக்கு செல்லாது. ஓடும் தண்ணீர் கனமான வண்டியையும் தள்ளிவிடும்.

தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். இன்ஜின் புரொடெக்ஷன் ஆட்-ஆன் இல்லாத சாதாரண இன்ஷூரன்ஸில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம்.

அதேபோல முன்னால் மாட்டும் புல் பார். இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கலாம். 'ஆஃப் ரோடு' என்று ரீல்ஸுக்காக ஆனைமலைக் காட்டுக்குள் வண்டியை இறக்கினால் வனத்துறை வழக்கு நிச்சயம்.

தறி நின்றால் இ.எம்.ஐ நிற்குமா?

12 லட்சம் கடன், 9.5 சதவிகித வட்டி, ஏழு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாசம் சுமார் 19,600 ரூபாய். கடைசியில் வட்டி மட்டும் நாலரை லட்சத்தை நெருங்கும். டீசல், இன்ஷூரன்ஸ், டயர் தனி.

2025 மார்ச், ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டு இங்கே ஒரு மாசம் போல தறிகள் நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி மூணு மாசம் வருமானம் நின்றாலும் தவணை கட்ட முடியுமா? முடியும் என்றால் மட்டும் ஷோரூம் பக்கம் போங்க.

டெஸ்ட் டிரைவ்... உங்க ரோட்டில்!

* ஷோரூம்காரர் காட்டும் ரோட்டில் மட்டும் ஓட்டாதீர்கள். உங்கள் தெரு, உங்கள் தோட்டத்து வழி என்று போய் வாருங்கள்.
* அம்மாயியைப் பின்சீட்டில் ஏற்றிப் பாருங்கள். மூன்று கதவு தாரில் முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற முடியும். அவருக்கு முடியவில்லை என்றால் அது குடும்ப வண்டி இல்லை.
* 4எல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களே போட்டு எடுங்கள்.
* ஸ்டெப்னி ஒரே சைஸா, கயிறு கட்டி இழுக்கும் கொக்கி எங்கே, பக்கத்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர்? கேளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. போன வருஷம் எத்தனை தடவை வண்டி சேற்றில் மாட்டி, டிராக்டர் வைத்து இழுத்தீங்க? நாலஞ்சு தடவை என்றால் யோசிக்காமல் 4×4 எடுங்க. ஒரு தடவைகூட இல்லை என்றால் 200 மி.மீ. ஒட்டிய உயரமுள்ள சாதாரண எஸ்யூவி, நல்ல டயர் செட், மிச்சப் பணம் பேங்கில். கொழுக்குமலை சூரிய உதயம் பார்க்க ஆசை வந்தால், சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப் இருக்கிறது. அந்தத் தடத்தை அந்த டிரைவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாதுங்க!