படியெடுத்தவர்களிடம் பிழைத்த பக்கங்கள்

2013 ஏப்ரல் 30 அன்று, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் ஒரு மீட்புப் பணியை அறிவித்தது. மீட்க வேண்டியது உலகின் முதல் இணையதளம். டிம் பெர்னர்ஸ்-லீ 1990 இறுதியில் தன் நெக்ஸ்ட் கணினியில் எழுதிய அந்தப் பக்கங்கள், பிறந்த இடத்திலேயே இல்லை. திருத்தம் வரும்போதெல்லாம் பழையதன் மேலேயே புதியதை எழுதிச் சேமித்துவந்தார்கள். பழைய வடிவத்தைத் தனியே எடுத்துவைக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. செர்ன் கையில் அப்போது இருந்த மிகப் பழைய படி 1992-ஆம் ஆண்டினுடையது.

அறிவிப்பைக் கேட்டு அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து ஒருவர் முன்வந்தார். அவர் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஜோன்ஸ். 1991-ல் ஒரு மாநாட்டுக்காக அமெரிக்கா போயிருந்த பெர்னர்ஸ்-லீ, அவரைச் சந்தித்துத் தன் கண்டுபிடிப்பைக் காட்டியிருந்தார். ஜோன்ஸிடமும் ஒரு நெக்ஸ்ட் கணினி இருந்ததால், பக்கத்தை அதில் ஏற்றிக்கொண்டார். 20 ஆண்டுகளுக்கு மேல் அதை அழிக்காமல் வைத்திருந்தார். செர்ன் வைத்திருந்ததைவிட அது ஓராண்டு மூத்த படி.

வலையின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. வெளியிட்டவரிடம் பக்கம் இல்லாமல் போகும். படித்தவர் எவரோ தன் கணினியில் இறக்கிவைத்த படி மிஞ்சும். இப்படி இறக்கிவைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வரலாற்றைக் காக்கும் எண்ணமே இருந்ததில்லை. அவர்கள் பயந்தது டெலிபோன் பில்லுக்கு.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. இணைப்பு டெலிபோன் கம்பி வழியே வந்தது. இணைய நேரத்துக்கு ஒரு கட்டணம், அந்த நேரம் முழுக்க ஓடும் தொலைபேசி அழைப்புக்கு இன்னொரு கட்டணம். 1990-களின் இறுதியில் வந்த 56 கிலோபிட் மோடம்கூட, எல்லாம் கூடிவந்தால் வினாடிக்கு 7 கிலோபைட்தான் கொண்டுவந்து சேர்க்கும். படங்களோடு கூடிய ஒரு பக்கம் முழுதாக வந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கும் காசு. ஆகவே, வேண்டிய பக்கங்களை வரிசையாகத் திறந்து சேமித்துவிட்டு, இணைப்பைத் துண்டித்தபின் நிதானமாகப் படிப்பது என்ற வழக்கம் உருவானது. வீட்டில் இணைப்பு இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் பக்கங்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

வலையின் அமைப்பு இதற்கு இடம்கொடுத்தது. பெர்னர்ஸ்-லீ வகுத்த ஹெச்.டி.எம்.எல். பக்கம் ஒரு சாதாரண எழுத்துக்கோப்பு. உலாவி ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைத் தருவித்துத்தான் திரையில் காட்டுகிறது. படிப்பவரின் கணினிக்கு ஏற்கெனவே வந்துவிட்ட ஒன்றை வன்தட்டில் தங்கவைப்பதுதான் சேமிப்பு. சிக்கல் படங்களில் இருந்தது. ஒரு பக்கத்தின் படங்கள் தனித்தனிக் கோப்புகள். நெட்ஸ்கேப் உலாவியின் முந்தைய பதிப்புகளில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால் எழுத்து மட்டும் வந்துசேரும். படங்களை ஒவ்வொன்றாகத் தனியே சேமிக்க வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்கத் தனி மென்பொருள்கள் முளைத்தன. 1995-ல் வெப்வேக்கர் வந்தது. ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால், அதன் பக்கங்களைப் படங்களோடு வன்தட்டுக்குக் கொண்டுவந்தது. குரோஷியாவைச் சேர்ந்த ஹிர்வோயே நிக்சிச் 1996-ல் வெளியிட்ட டபிள்யூகெட், மெதுவான, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. இணைப்பு அறுந்தால் மறுபடி முயலும். ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களுக்கும் போகும். பிரான்ஸின் சேவியர் ரோஷ் 1998-ல் தொடங்கிய ஹெச்.டி.டிராக், இறக்கிய பக்கங்களுக்குள் இருக்கும் இணைப்புகளையும் மாற்றி எழுதியது. தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு, இணையமே இல்லாமல் வன்தட்டுக்குள்ளேயே நடமாட முடிந்தது. டபிள்யூகெட், ஹெச்.டி.டிராக் இரண்டும் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இணைப்பே சரியாக இல்லாத நாடுகளின் விஞ்ஞானிகளுக்கு இத்தாலியிலிருந்து ஒரு வழி பிறந்தது. இயற்பியலாளர் அப்துஸ் சலாம் டிரியெஸ்டே நகரில் நிறுவிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம், 1990-களின் பிற்பகுதியில் ஒரு மின்னஞ்சல் சேவையை உருவாக்கியது. வேண்டிய பக்கத்தின் முகவரியை எழுதி அனுப்பினால், அந்தப் பக்கமே மின்னஞ்சலில் திரும்பி வரும். மின்னஞ்சல் மட்டுமே எட்டிய ஊர்களில் வலை இப்படித்தான் படிக்கப்பட்டது.

1999 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, பக்கத்தைப் படங்களோடு சேமிக்கும் வேலையைத் தனி மென்பொருள் ஏதும் இல்லாதவர்களுக்கும் கொண்டுவந்து கொடுத்தது. ‘முழுப் பக்கம்’ என்று தேர்ந்தெடுத்தால் எழுத்து ஒரு கோப்பாகவும், படங்கள் அதே பெயர்கொண்ட ஒரு கோப்புறையிலும் வந்து உட்காரும். கோப்பை மட்டும் நண்பருக்குக் கொடுத்துவிட்டு, கோப்புறையை மறந்தவர்கள் ஏராளம். படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறிகளாக நிற்கும். எழுத்தையும் படங்களையும் ஒரே கோப்பில் மடித்துவைக்கும் எம்.ஹெச்.டி. வடிவமும் அதே உலாவியில் இருந்தது.

தமிழ்ப் பக்கங்களைச் சேமித்தவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அது மற்றவற்றைவிடப் பெரியது. அப்போது தமிழுக்குப் பொதுவான குறியாக்கம் நடைமுறைக்கு வரவில்லை. ஒவ்வொரு நாளிதழும் வார இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் அவை. எழுத்துரு இருந்தால் கட்டுரை. இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளும் அடையாளக் குறிகளும் கலந்த குப்பை. படிப்பவர் கணினியில் எழுத்துருவை நிறுவும் சிரமத்தைத் தவிர்க்க, சில தளங்கள் இயங்கு எழுத்துருவைப் பயன்படுத்தின. பக்கத்தோடு அதுவும் இறங்கிவந்து எழுத்தைக் காட்டும். மைக்ரோசாஃப்டின் அத்தகைய எழுத்துருக் கோப்புகளோ, குறிப்பிட்ட தள முகவரியில் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டப்பட்டவை. இணைப்பில் இருக்கும்போது அழகாகத் தெரிந்த பக்கம், வன்தட்டிலிருந்து திறந்தால் தமிழாகத் தெரியாது. படிக்க முடிந்ததே என்று நம்பிச் சேமித்தவருக்கு, ஃப்ளாப்பியை வீட்டில் போட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டேப், டேம் என்ற இரண்டு குறியாக்கங்களை ஏற்றது. உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து வகுத்த டிஸ்கி ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. விண்டோஸ் 2000-த்தோடு லதா எழுத்துரு வந்தபின் யூனிகோட் மெல்லப் பரவியது. அதற்குள் சேர்ந்துவிட்ட பல்லாயிரம் பழைய பக்கங்களுக்கு, சுரதா உருவாக்கிய ‘பொங்கு தமிழ்’ போன்ற குறிமாற்றிகள் உயிர் கொடுத்தன. குப்பையாகத் தெரியும் எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டி, அது எந்தக் குறியாக்கம் என்று சொன்னால், யூனிகோட் தமிழாக மாற்றித் தரும். சேமித்தவரிடம் கோப்பு இருந்ததால்தான் இது நடந்தது. திரையில் தெரியாவிட்டாலும், எழுத்துகள் அந்தக் கோப்புக்குள் ஒன்று குறையாமல் அப்படியே இருந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைப் பி.டி.எஃப். வடிவிலும் கொடுத்தது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சுமந்துசெல்லும் வடிவம் அது என்பதால், அவை எந்தக் கணினியிலும் தமிழாகவே திறந்தன.

தனி மனிதர்கள் செலவுக்கு அஞ்சிச் செய்த வேலையை, வலை முழுவதற்கும் செய்ய முனைந்தவர் புரூஸ்டர் கேல். 1996-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் இன்டர்நெட் ஆர்க்கைவை நிறுவினார். இணைய முகவரி ஒன்றின் சராசரி ஆயுள் 44 நாள் என்று 1997-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார். ஸ்வீடன், ஆஸ்திரேலியா தேசிய நூலகங்களும் தங்கள் நாட்டுப் பக்கங்களைச் சேர்க்கும் பணியை அதே 1996-ல்தான் தொடங்கின. கேலின் சேகரிப்பு முதலில் காந்த நாடாக்களில் குவிந்தது. 2001 அக்டோபரில்தான் ‘வேபேக் மெஷின்’ வழியே பொதுமக்களுக்குத் திறந்தது. அன்று அதில் 1,000 கோடிப் பக்கங்கள். 2025 அக்டோபரில் அது ஒரு லட்சம் கோடியைத் தொட்டது.

அப்படியும் ஒரே நிறுவனத்தால் எல்லாவற்றையும் எட்ட முடிவதில்லை என்பதை ஜியோசிட்டீஸ் காட்டியது. 1994-ல் தொடங்கிய அந்தச் சேவையில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தளம் அமைக்கலாம். வெளிநாடுகளில் படித்த, வேலை பார்த்த தமிழர்கள் பலரின் முதல் பக்கங்கள் அங்கேதான் இருந்தன. 1999-ல் யாஹூ அதை 350 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பத்தே ஆண்டில், 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. மூடப்போவதாக ஏப்ரலில் அறிவிப்பு வந்ததிலிருந்து, ஜேசன் ஸ்காட் திரட்டிய ‘ஆர்க்கைவ் டீம்’ என்ற தன்னார்வலர் குழு, உலகெங்கும் தங்கள் கணினிகளை ஓடவிட்டு இரவு பகலாகப் பக்கங்களை இறக்கியது. அடுத்த ஆண்டு 600 ஜி.பி.க்கும் மேற்பட்ட அந்தத் தொகுப்பை, எவரும் இறக்கிக்கொள்ளும்படி டாரன்ட் கோப்பாக வெளியிட்டார்கள். கோடிக்கணக்கில் விலைபேசப்பட்ட பக்கங்களைக் காப்பாற்றியவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். நன்றியோடு நினைக்க வேண்டிய உழைப்பு அது.

பின்னாளில் பக்கங்களின் இயல்பே மாறியது. இணையம் வேகமானது, பக்கம் என்பது ஒரு கோப்பாக இல்லாமல், உலாவிக்குள் ஓடும் நிரலாக ஆனது. கீழே உருட்ட உருட்டத்தான் எழுத்தும் படமும் வருகின்றன. ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால் பாதி வராது. பிறகு படிக்கலாம் என்று நினைப்பவர்கள் பாக்கெட் போன்ற சேவைகளுக்கு மாறினார்கள். 2007-ல் நேட் வீனர் தொடங்கிய அது, ஒரு சொடுக்கில் கட்டுரையை எடுத்துவைத்தது. எடுத்துவைத்த இடம் சேவையின் சர்வர். 2017-ல் மோசில்லா அதை வாங்கி, 2025 ஜூலை 8 அன்று நிறுத்தியது. பயனர்கள் தங்கள் சேமிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்த நிறுவனம் வழி கொடுத்தது. கிடைத்தது முகவரிகளின் பட்டியல்தான். கட்டுரைகள் அதில் இல்லை. 2013-ல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் மறைந்துவிட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கண்டறிந்திருந்த நிலையில், அந்த முகவரிகளில் எத்தனை நாளைக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி பயனர்களிடமே விடப்பட்டது.

வேறு சிலர் புதிய பக்கங்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்தார்கள். ஜில்தா லோர்மோவின் ‘சிங்கிள்ஃபைல்’, திரையில் தெரியும் பக்கத்தைப் படம், எழுத்துரு எல்லாவற்றோடும் ஒரே ஹெச்.டி.எம்.எல். கோப்பாக மடித்துத் தருகிறது. இலியா கிரைமரின் ‘வெப்ரெக்கார்டர்’ திட்டம், ஒருவர் உலாவும்போது வந்துபோகும் ஒவ்வொன்றையும் பதிவுசெய்து, பின்னர் அப்படியே ஓட்டிக்காட்டும் கருவிகளைக் கொடுத்தது.

இந்தக் கருவிகளுக்குக் கடும் சோதனை 2022-ல் வந்தது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அருங்காட்சியகங்கள், நூலகங்கள், ஆவணக்காப்பகங்களின் தளங்கள் இருந்த சர்வர்களும் குண்டுவீச்சின் எல்லைக்குள் இருந்தன. மார்ச் 1 அன்று அன்னா கியாஸ், குவின் டோம்ப்ரோவ்ஸ்கி, செபாஸ்டியன் மாயஸ்டோரோவிச் மூவரும் இந்தத் தளங்களைச் சேமிக்க ‘சூச்சோ’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். நூலகர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என 1,300-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். பலருக்கு அதற்குமுன் இந்த வேலை தெரியாது. வெப்ரெக்கார்டர் கருவிகளைக் கற்றுக்கொண்டு, தங்கள் வீட்டுக் கணினிகளிலிருந்தே ஆயிரக்கணக்கான தளங்களை இறக்கினார்கள். கார்கிவ் மாநில ஆவணக்காப்பகத்தின் தளத்திலிருந்து 100 ஜி.பி.க்கும் அதிகமாக இறக்கி முடித்த சற்று நேரத்தில் அந்தத் தளம் முடங்கியது. மொத்தச் சேமிப்பு 50 டெராபைட்டைத் தாண்டியது. அவர்கள் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று, எவரும் தம் உலாவியில் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறிய நீட்சி. அதில் சேமித்த கோப்பு இணைப்பே இல்லாத கணினியிலும் திறக்கும். தமிழ்ப் பக்கமாக இருந்தால், எழுத்துருவும் கூடவே வரும்.