விந்து வளமும் பன்றி இனத்தேர்வும்

டென்மார்க் 1907-இல் பன்றிகளுக்கான சந்ததிச் சோதனை நிலையத்தைத் தொடங்கியபோது, ஓர் ஆண் பன்றியின் தரத்தை அதன் குட்டிகளே தீர்மானித்தன. குட்டிகள் எவ்வளவு வேகமாக வளர்ந்தன, எவ்வளவு தீவனம் தின்றன, இறைச்சி எப்படி இருந்தது என்பவையே கணக்கு. விந்தை யாரும் சோதிக்கவில்லை. சேர்த்த பன்றிகள் எதுவும் சினை பிடிக்காவிட்டால் அந்த ஆண் பன்றி கழிக்கப்படும். வளம் அரைகுறையாக இருந்தாலோ அது தப்பிவிடும். ஈற்றில் குட்டி குறைந்த பழி தாய்ப் பன்றியின் மேல் விழும்.

இந்த நிலையை மாற்றியது செயற்கை முறைக் கருவூட்டல். ரஷ்யாவில் இலியா இவானோவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பண்ணை விலங்குகளில் இதற்கு அடித்தளமிட்டார். காளை விந்து உறைநிலையில் உலகம் சுற்றத் தொடங்கிய பிறகும் பன்றி விந்து பிடிகொடுக்கவில்லை. ஆண் பன்றி ஒரு முறையில் 200 முதல் 300 மில்லிலிட்டர் வரை விந்து தருகிறது. ஆனால் அதன் விந்தணுவின் மேலுறை குளிரைத் தாங்காது. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சிதைகிறது. 1970-இல் போல்ஜ், சாலமன், வில்மட் ஆகியோர் உறையவைத்த பன்றி விந்தை அறுவை முறையில் செலுத்தித்தான் கருவுறச் செய்ய முடிந்தது. பண்ணைகளுக்கு உண்மையில் கைகொடுத்தது, சுமார் 17 டிகிரியில் விந்தைச் சில நாள் காக்கும் கரைசல்களே. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 1970-களில் உருவான கரைசல் அவற்றில் பெயர்பெற்றது. ஒரு முறை எடுத்த விந்தை இருபதுக்கு மேற்பட்ட பன்றிகளுக்குப் பகிர முடிந்தது. ஆகவே ஒரே ஆண் பன்றியின் நிறை மட்டுமல்ல, குறையும் ஊரெங்கும் பரவும் நிலை வந்தது. விந்தின் தரம் இனத்தேர்வுக்கு உரிய பண்பாக ஆனதற்கு இதுவே காரணம்.

விரையின் அளவு அந்தத் தேர்வுக்கு வசதியான அளவுகோலாகத் தோன்றியது. பெரிய விரை அதிக விந்தணு தரும். அந்த அளவு ஓரளவு மரபுவழியாகவும் வரும். எடின்பரோவின் ஆர். பி. லேண்ட் 1973-இல் இன்னொரு கருத்தையும் முன்வைத்தார்: தந்தையின் விரை பெரிதானால் மகள்களின் சூல் முட்டை எண்ணிக்கையும் உயரலாம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இதைப் பத்துத் தலைமுறைப் பன்றிகளில் சோதித்தார்கள். விரைகள் பெருத்தன, விந்தணு உற்பத்தியும் கூடியது. முட்டை எண்ணிக்கை மட்டும் எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஆண் வளமும் பெண் வளமும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவை என்பதற்கு இது வலுவான சான்று.

விந்தை நுண்ணோக்கியில் பார்த்தாலும் தெரியாத குறைகள் உண்டு. 1964-இல் சுவீடனில் ஓர் ஆண் பன்றியின் இரு குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தது கண்டறியப்பட்டது. இப்படிப்பட்ட பன்றியின் விந்து பார்வைக்குச் சீராகவே இருக்கும். ஆனால் கருக்களில் பல தொடக்கத்திலேயே அழிவதால் ஈற்றில் குட்டிகள் வெகுவாகக் குறைகின்றன. பிரான்சில் தூலூஸ் கால்நடை மருத்துவப் பள்ளி, விந்து நிலையத்துக்குப் போகும் இளம் ஆண் பன்றிகளின் குரோமோசோம்களைத் தொடர்ந்து பரிசோதித்தது. ஏறத்தாழ 200-க்கு ஒன்றில் இக்குறை தென்பட்டது. அறிகுறியே இல்லாத ஒரு குறைக்கு இது சிறிய எண்ணல்ல.

எல்லாவற்றிலும் பாடம் மிகுந்தது பின்லாந்தின் அனுபவம். அங்கே 1980-களின் பிற்பகுதியில் யார்க்‌ஷயர் இன ஆண் பன்றிகள் சிலவற்றின் விந்தணுக்கள் வால் குட்டையாகி, நகராமல் கிடந்தன. அந்தப் பன்றிகள் முற்றிலும் மலடு. 1990-களில் இக்குறை வேகமாகப் பெருகியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் குறை வெளிப்படும், அதுவும் ஆணில் மட்டும். அதே பிழை உள்ள பெண் பன்றிகள் இயல்பாகவே குட்டி ஈன்றன. பிழை 16-ஆம் குரோமோசோமில் கேபிஎல்2 என்ற மரபணுவில் நுழைந்த ஒரு துண்டு என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள், அந்தப் பகுதி ஈற்றில் கூடுதல் குட்டிகளோடு தொடர்புடையது என்றன. பெண் பன்றிகளில் குட்டி எண்ணிக்கையைத் தேடிச் செய்த தேர்வே ஆண் மலட்டை வளர்த்திருக்கக்கூடும். மரபணுச் சோதனை வந்த பிறகு, பிழையைச் சுமக்கும் பன்றிகளை இளமையிலேயே இனங்கண்டு இனப்பெருக்கத்திலிருந்து விலக்க முடிந்தது.