கரிசல் நிலத்தின் இனிப்புகள்: பாகு நடந்த பாதை

தமிழக முஸ்லிம்களின் பண்பாட்டு வரலாற்றை எழுதப் புகுவோரிடம் நெடுநாளாக ஒரு பழக்கம் உண்டு. அல்வா, ஜிலேபி, சர்பத் என அரபுச் சொல்லின் வாடை வீசும் பண்டம் எதைக் கண்டாலும், அது நம்மவர் கொண்டுவந்தது என்று கணக்கில் எழுதிக்கொள்வர். இதற்கு நேர் எதிரே, எல்லா உணவும் சங்க காலத்திலேயே இங்கு இருந்தது என்போரும் உளர். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரல் 30 அன்று புவிசார் குறியீடு வழங்கப்பட்டதை முன்னிட்டு, இவ்விரு கூற்றுகளையும் ஒருசேர உரசிப் பார்க்கலாம் எனத் தோன்றியது. கையளவே உள்ள ஒரு பண்டம்தான். எனினும் அதற்குள் பயணம் செய்து வந்து சேர்ந்த பொருள்கள் பல.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை எனப் பரந்து கிடக்கும் கரிசல் காடு மானாவாரி பூமி. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் நிலம் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, எள், மல்லி ஆகியவையே இம்மண்ணின் விளைச்சல். 1901-இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதும் இம்மானாவாரிப் பயிர்களை நம்பித்தான். கரும்பு விளைய இங்கு நீர் இல்லை. பசும்பாலும் நெய்யும் ஆற்றுப் பாசன ஊர்களில் போலப் பெருகி ஓடியதில்லை. ஆகவே கரிசல் வீட்டின் இனிப்பு என்பது பனையை நம்பியே இருந்தது. வேம்பார்க் கடற்கரையிலிருந்தும், தெற்கே உடன்குடி வட்டாரத்துத் தேரிக் காடுகளிலிருந்தும் வந்த கருப்பட்டியே இவ்வீடுகளின் சர்க்கரை. கி. ராஜநாராயணன் 1982-இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை ஒருமுறை புரட்டிப் பார்ப்போருக்கு, இந்நிலத்தார் தம் உணவுக்கு எத்துணைச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தனர் என்பது விளங்கும்.

இனி, பாகு. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்திய நிலப்பரப்பில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்ற செய்தியைப் புறநானூற்றில் ஒளவையார் பாடலே தருகிறது. சங்க காலத்தவரே கரும்பை வெளியிலிருந்து வந்த பொருளாக நினைவில் வைத்திருந்தனர் என்பது, எல்லாம் இங்கேயே இருந்தன என்போர் நின்று நோக்க வேண்டிய இடம். வடமொழியின் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷக்கர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆயிற்று. 'கண்ட' என்பது 'கந்த்' ஆகி அரபு நாடுகளுக்குச் சென்று, அங்கிருந்து ஐரோப்பியர் நாவில் 'கேண்டி' என்று புரண்டது. நம் கற்கண்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வட இந்தியர் கற்கண்டை 'மிஸ்ரி' என்பர். எகிப்தை அரபியில் 'மிஸ்ர்' என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். வெள்ளைச் சர்க்கரைக்கு நாம் வைத்த 'சீனி' என்ற பெயரோ சீன நாட்டைச் சுட்டி நிற்கிறது. ஒரே பொருள் சென்ற ஊரில் எல்லாம் வேறொரு ஊரின் பெயரைப் பெற்றுத் திரும்பியிருக்கிறது.

சென்ற இடத்தில் அப்பொருள் சும்மா இருக்கவில்லை. ஹிஜ்ரி 623, அதாவது கி.பி. 1226-இல் பக்தாதில் முஹம்மது இப்னு அல்ஹசன் என்பார் 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலைத் தொகுத்தார். ஆர்பெரி அதனை ஆங்கிலப்படுத்தி, ஹைதராபாத்திலிருந்து வந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' காலாண்டிதழில் 1939-இல் வெளியிட்டார். அந்நூலில் 'ஹல்வா யாபிஸா', அதாவது உலர்ந்த அல்வா என்றொரு பண்டம் வருகிறது. சர்க்கரையை நீரில் கரைத்துப் பதம் வரும்வரை காய்ச்சி, வழவழப்பான பலகைக்கல்லில் ஊற்றி ஆறவிட்டு, இழுத்து இழுத்து வெளுக்கச் செய்து, பிஸ்தாப் பருப்பைப் பிசைந்து, பட்டையாகவும் முக்கோணமாகவும் வெட்டுவர். வேண்டுமானால் குங்குமப்பூ முதலியவற்றால் நிறமேற்றலாம்; பாதாம், எள், கசகசா சேர்ப்பதும் உண்டு.

பாகு காய்ச்சுதல், தளத்தில் ஊற்றுதல், பருப்புச் சேர்த்தல், சூடு ஆறும் முன் துண்டாக்குதல், நிறம் தீட்டுதல். கோவில்பட்டிக் கடலை மிட்டாயைச் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது அறிமுகமான காட்சியாகவே தோன்றும். ஆயினும், பக்தாதின் ஹல்வா யாபிஸாவே கோவில்பட்டிக்கு வந்து கடலை மிட்டாய் ஆயிற்று என்று நாம் எழுத மாட்டோம். அப்படி எழுதுவதற்கு இடைவழிச் சான்று ஒன்றுமில்லை. எள்ளையும் பொரியையும் வெல்லப் பாகில் உருட்டும் வழக்கம் இங்கே தொன்மையானது. பாகுப் பதம் கண்ட எவரும் பருப்பைச் சேர்த்துப் பார்ப்பர். ஒத்திருப்பதெல்லாம் உறவாகிவிடாது என்பதை நம் ஆய்வாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹல்வாவையும் தேனையும் விரும்பினார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. அதைக் கொண்டு நெய் சொட்டும் திருநெல்வேலிக் கோதுமை அல்வாவுக்குச் சிறப்புத் தேடுவோரும் உண்டு. அங்கே 'ஹல்வா' என்பது இனிப்பான பண்டம் என்ற பொதுப் பொருளில் வந்த சொல். பிற்காலத்தில் ஒரு குறிப்பிட்ட பண்டத்துக்குப் பெயராயிற்று. சொல் பழையது, பண்டம் புதியது. இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொண்டால் பாதிச் சர்ச்சைகள் தீர்ந்துவிடும்.

சான்று வலுவாக உள்ள இடம் வேறொன்று. சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டிப் பகுதிகளில் கருப்பட்டி மிட்டாய் என்றொரு பண்டம் விற்கிறது. அரிசியையும் உளுந்தையும் அரைத்த மாவைத் துளையிட்ட துணியில் எடுத்துக் காயும் எண்ணெயில் சுற்றுச் சுற்றாகப் பிழிந்து, வெந்ததும் கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பர். கடித்தால் முதலில் மொறுமொறுப்பு, பிறகு பாகு, கடைசியில் சுக்கின் காரம். வெளியூரார் இதைக் கறுத்த ஜிலேபி என்பர், அது தவறன்று. ஜிலேபியின் மூலம் அரபியின் 'ஸலாபியா'. பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் எழுதிய சமையல் நூலிலேயே, மாவை எண்ணெயில் பின்னலாக ஊற்றித் தேனில் ஊறவைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. பாரசீகம் வழியே வட இந்தியா வந்த அச்செய்முறை தெற்கே பரவியபோது, கரிசல்காரர் மாவையும் பாகையும் மாற்றிக்கொண்டனர். கோதுமை இருந்த இடத்தில் அரிசியும் உளுந்தும். தேனும் சர்க்கரையும் இருந்த இடத்தில் பனங்கருப்பட்டி. முறை வந்தது, பொருள் இங்கேயே இருந்தது. 'மிட்டாய்' என்ற பெயரும் இந்துஸ்தானியின் 'மிட்டாயீ'தான்.

கரிசலையும் கடலையும் பிரித்துப் பார்ப்பது சரியன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகத்துக்கு ஹுர்முஸ், கிஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளோடு மரக்கலங்கள் வந்தன. தாமிரபரணியின் முகத்துவாரத்தை ஒட்டியிருந்த ஊர் அது. அந்த ஆற்றின் நீரே இன்று குழாய் வழியே கோவில்பட்டிக்கு வந்து, அவ்வூரின் வெல்லப் பாகைக் கரைக்கிறது. துறைமுகத்து வணிகர் உள்நாட்டுக்கு வந்து தங்கியதற்கு எட்டயபுரமே சாட்சி. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் தந்தையார் வாசனைப் பொருள் வணிகர் என்பது மரபுச் செய்தி. புலவர் அடங்கியிருப்பதும் எட்டயபுரக் கரிசலில்தான்.

கடற்கரை வீடுகளின் இனிப்புகளில் கடல் வணிகத்தின் தடம் தெளிவாகத் தெரிகிறது. கீழக்கரையின் தொதல், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. மலாய் மக்களின் 'தோதோல்' என்பதோடு பெயரும் முறையும் ஒன்று. காயல்பட்டினத்திலும் இலங்கை முஸ்லிம் வீடுகளிலும் பெருநாள் காலையில் வைக்கும் வட்டலப்பம் அதைவிட எளியது. முட்டையை அடித்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் கரைத்து வடித்த கருப்பட்டியும் ஏலமும் சேர்த்து ஆவியில் வைத்தால் போதும். கிண்டும் வேலை இல்லை. சாத்தான்குளம் அருகே, 1799-இல் உருவான கிறித்தவச் சிற்றூர் முதலூர். அங்கே தேங்காய்ப்பாலில் செய்யும் அல்வாவுக்கு 'மஸ்கோத்' என்று பெயர். மஸ்கட் நகரை நினைவூட்டும் பெயர். செய்வோர் கிறித்தவர், பெயர் ஓமானியத் துறைமுகம், தேங்காய் நம் கரையது. இதில் எவர் எதை உரிமை கொண்டாடுவது?

கடலைக்கு வருவோம். நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிர். பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பியக் கப்பல்கள் வழியே ஆசியாவுக்குள் நுழைந்தது. வட தமிழகத்தில் இன்றும் வழங்கும் 'மணிலாக்கொட்டை', 'மல்லாட்டை' என்னும் பெயர்கள் அது பிலிப்பைன்ஸ் வழியே வந்த நினைவைச் சுமக்கின்றன. சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது பெருஞ்சாகுபடி ஆயிற்று. புதுச்சேரி வழியே பிரான்சின் மார்செய்ல்ஸ் எண்ணெய் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகச் சென்றது. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், கோவில்பட்டி ஒரு சந்தை ஊராக எழுந்தது. பஞ்சும் கடலையும் வெல்லமும் ஓரிடத்தில் கூடின. ஆகவே கடலை மிட்டாய் சங்க காலத்ததும் அன்று, அரபியர் கொண்டுவந்ததும் அன்று. இருப்புப்பாதையும் சந்தையும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

தொடக்கத்தில் அதைக் கருப்பட்டிப் பாகில், ஊர்த் திருவிழாக்களில் மட்டுமே செய்து விற்றனர் என்பது அவ்வட்டாரச் செய்தி. 1940-களில் பொன்னம்பல நாடார் என்னும் மளிகைக் கடைக்காரர் கருப்பட்டியை விடுத்துக் கரும்பு வெல்லத்தில் செய்து, தம் கடையில் அன்றாடப் பண்டமாக்கினார். தேனிப் பக்கத்து வெல்லம் இதற்கு ஏற்றதாக அமைந்தது. கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்துப் புடைத்துக்கொள்வர். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிக் காய்ச்சுவர். பாகின் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்து, உருட்டினால் 'டக்'கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் பதம் வரவில்லை என்று பொருள். கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி உருளையால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கோடு போட்டுவிடுவர். மேலே வண்ணம் ஏற்றிய தேங்காய்த் துருவல். வீட்டில் செய்வோர் இரண்டு பங்கு கடலைக்கு ஒரு பங்கு வெல்லம் என்ற அளவில் தொடங்கலாம். பிழை நேர்வது அளவில் அன்று, பதத்தில்தான். ஈரக் காற்றை உறிஞ்சி வெல்லம் கசியும். கரிசலின் காய்ந்த வானிலை இத்தொழிலுக்குத் துணையானது இவ்வாறுதான் எனலாம். கடற்கரை ஊரில் இதே மிட்டாய் இரண்டு நாளில் பிசுபிசுக்கும்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பெற்று 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கோவில்பட்டி வட்டார உற்பத்தியாளர், விற்பனையாளர் சங்கம் 2014-இல் விண்ணப்பித்தது. ஆறாண்டு காத்திருந்து பெற்றது. கரிசல் நிலத்துக் கடலையும் தாமிரபரணி நீரும் அதன் சுவைக்குக் காரணமாகச் சுட்டப்பட்டன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இலும் உடன்குடிக் கருப்பட்டி 2023-இலும் அத்தகுதியைப் பெற்றன. நாம் இதில் மகிழ்கிறோம். வெளியூரில் செய்து கோவில்பட்டிப் பெயரை ஒட்டி விற்போரிடமிருந்து சிறு தொழிலாளரைக் காக்க வேறு வழியில்லை. அச்சட்டம் ஒரு பண்டத்தை எந்தச் சாதிக்கோ சமயத்துக்கோ எழுதி வைக்கவில்லை. ஓர் ஊருக்கும் அங்கே அதைச் செய்வோருக்குமே எழுதி வைக்கிறது. அந்த அளவில் அது நம் வரலாற்றாசிரியர்களை விட விவேகமுடையது.

ஆனால் பதிவேட்டில் ஏறியது 1940-களுக்குப் பிந்திய வெல்ல மிட்டாயே. அதற்கு முந்திய கருப்பட்டிக் கடலை மிட்டாய்க்கு விண்ணப்பிக்க யாருமில்லை. பனையேறுவோர் குறைந்து, கருப்பட்டி விலை ஏறி, சீனி கலந்த போலிக் கருப்பட்டியும் சந்தைக்கு வந்துவிட்ட நாளில், அதைச் செய்வோர் மிகச் சிலர். சங்கம் அமைத்துக்கொண்ட பண்டங்களுக்குக் குறியீடு கிடைக்கிறது. அடுப்படியில் பெண்கள் செய்த பண்டங்களுக்குச் சங்கம் ஏது?

அவற்றுள் உளுந்தங்களியை இங்கே குறிப்பிட வேண்டும். தோலுளுந்தை வறுத்துத் திரித்த மாவைக் கருப்பட்டித் தண்ணீரில் கொட்டி, கட்டி விழாமல் கிளறி, நல்லெண்ணெய் விட்டுச் சுருள எடுப்பது. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புக்கு வலு என்று கொடுப்பர். கரிசல் ஊர்களில் இதை இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறித்தவ வீடு என்று பிரித்துச் சொல்ல முடியாது. செய்முறையில் எள்ளளவும் வேறுபாடில்லை. கம்பை வறுத்து இடித்துக் கருப்பட்டித் தூளும் சுக்கும் சேர்த்துப் பிடித்த மாவுருண்டையும் அத்தகையதே. எள்ளையும் கருப்பட்டியையும் உரலில் இட்டு இடித்தால், எள்ளிலிருந்து கசியும் எண்ணெயே உருண்டை பிடிக்கப் போதுமானது. பாகு காய்ச்சவே வேண்டியதில்லை. மவ்லிது ஓதிய இரவுகளில் நேர்ச்சையாகப் பிள்ளைகளின் கையில் விழுந்த உருண்டைகளில் இதுவும் ஒன்று. நார்சாப் பையில் கடை மிட்டாய் வந்த பிறகு அது நின்றுபோயிற்று. செய்த மூதாட்டியர் அளவு எதையும் எழுதி வைக்கவில்லை. கேட்டால், "கைப்பதம்தான் வாப்பா" என்பார்கள். அவ்வுருண்டைகளை அடுக்கி வைத்த பனையோலைக் கொட்டான்கள் சில வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கின்றன. கருப்பட்டி வாசனை மட்டும் போகவில்லை.