பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்: சேருமுன் 'கணக்கு' பாருங்க!

சேலம்:
பிளஸ்-2 ரிசல்ட் வந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் இதே பேச்சுதான். "இன்ஜினியரிங்குக்கு பணம் பத்தாது, பி.எஸ்சி. கம்ப்யூட்டர்ல போட்டுடலாம்" என்கிறார்கள். தறி ஓட்டும் அப்பாவுக்கும் லாரிக்குப் போகும் அப்பாவுக்கும் பிள்ளை ஏ.சி. ரூமில் உட்காரணும் என்று ஆசை. ஆனால் இது கம்ப்யூட்டரை இயக்கப் பழக்கும் கோர்ஸ் அல்ல. டைப்பிங், எக்செல், டேலி எல்லாம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சென்டரிலேயே சில மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

என்ன சொல்லித் தருவார்கள்?

இந்த வட்டாரக் கலை, அறிவியல் கல்லூரிகள் 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. படிப்பு 3 வருஷம், 6 செமஸ்டர். ஆரம்பத்தில் தமிழும் ஆங்கிலமும் கணிசமாக இருக்கும். மற்றது புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், நெட்வொர்க், லேப். கூடவே கணிதம் போன்ற துணைப் பாடம். பசங்க தடுமாறி அரியர் வைப்பது இங்கேதான்.

பிளஸ்-2வில் கணக்கு எடுக்காமல், கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் படித்தவர்களையும் பல கல்லூரிகளில் சேர்க்கிறார்கள். சீட் கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம். பின்னால்தான் சிக்கல். பி.எஸ்சி. முடித்து நேரடியாக பி.இ. 2-ம் ஆண்டு சேர பிளஸ்-2வில் கணக்கு படித்திருக்கணும். எம்.சி.ஏ.வுக்கு அந்தக் கவலை இல்லை, டிகிரியே போதும். அதுவும் 2020 முதல் 2 வருஷப் படிப்பாகிவிட்டது.

செலவு

அரசு கல்லூரியில் டியூஷன் பீஸ் கிடையாது. ஸ்பெஷல் பீஸ், தேர்வுக் கட்டணம் கட்டணும். 6 முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆனால் 'முதல் பட்டதாரி' சலுகை தொழிற்படிப்புக்குத்தான். இதை நம்பி சர்டிபிகேட்டுக்கு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம்.

வேலை

விப்ரோ, டி.சி.எஸ். போன்றவை பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்களை எடுத்து வந்திருக்கின்றன. விப்ரோவின் திட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே கம்பெனி செலவில் எம்.டெக். படிக்கலாம். டிகிரியில் 60 சதவீதம் கேட்பார்கள். ஒப்பந்தம் 5 வருஷம். பாதியில் விலகினால் பணம் திருப்பிக் கட்ட நேரிடும். கையெழுத்துப் போடும் முன் வீட்டில் ஒருவர் முழுசாகப் படிப்பது நல்லது.

சேலத்திலேயே இருக்கணும் என்றால் மெடிக்கல் பில்லிங் மாதிரி பி.பி.ஓ. வேலைகள் உண்டு. அதற்கு எந்த டிகிரியும் போதும். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப்-2 கதையும் அதேதான். பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர் ஆகணும் என்றால் எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் வேண்டும். அதாவது மேலும் 4 வருஷம்.

அட்மிஷனுக்குப் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் லேபைத் திறந்து காட்டச் சொல்லலாம். ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.